புயல் பைக்கு எந்த டார்ச்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்திலேயே நின்று கொட்டித் தீர்த்த நாள். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பகலை எப்படியோ ஓட்டிவிட்டோம். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வீடு இருட்டிவிட, நம்மிடம்தான் பெரிய டார்ச் இருக்கிறதே என்ற தைரியத்தில் பரணிலிருந்து அதை இறக்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 900 ரூபாய் கொடுத்து வாங்கியது, ஜூம் எல்லாம் உண்டு, வாங்கிய அன்று மொட்டை மாடியில் நின்று நாலு தெரு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியில் வைத்ததுதான். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் இல்லை. பின்மூடியைத் திருகினால் அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து ஒருவழியாகத் திறந்தபோது ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. உள்ளே இருந்த மூன்று செல்லில் ஒன்று குழாயோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை.

அன்றைக்கும் அடுத்த இரண்டு ராத்திரியும் எங்களுக்கு வெளிச்சம் தந்தது, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் டார்ச். அம்மா தினமும் இருட்டியதும் மேல்தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க எடுத்துப் போவார். விலை 150 ரூபாயோ என்னவோ. தினமும் எரிகிற டார்ச் என்பதால் வெளிச்சம் மங்கும்போதெல்லாம் யாராவது செல் மாற்றிவிடுவார்கள், அதற்குக் கெட்டுப்போக நேரமே கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான், புயல் நேரத்து அவசரத்துக்கென்று தயாராக எடுத்து வைக்கும் பையில் எந்த டார்ச்சைப் போடுவது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கடையில் நாம் பார்ப்பதெல்லாம் வெளிச்சம். ஆனால் ஒரு வருஷம் யாரும் தொடாமல் கிடந்துவிட்டு, ஏதோ ஒரு ராத்திரி மட்டும் தவறாமல் எரிய வேண்டிய பொருளுக்கு முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போகும் செல். எந்த செல் என்று முடிவு செய்துவிட்டால் பாதி டார்ச் முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு: எத்தனை ராத்திரிக்கு வேண்டும்? புயலில் கம்பி அறுந்துதான் கரண்ட் போகும் என்றில்லை, காற்று வேகம் பிடிக்கும்போதும் தெருவில் தண்ணீர் ஏறும்போதும் யாரும் ஷாக் அடித்துச் சாகக் கூடாது என்று மின்வாரியமே நிறுத்திவிடும், தண்ணீர் வடிந்து, தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் காய்ந்து சரிபார்த்த பிறகுதான் திரும்ப விடும். 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்தபோது சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நகரத்து வீடு என்றால் நாலு ராத்திரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு இருட்டி, சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்து, நடுவில் பாத்ரூம் போய்வருவது வரை ஒரு ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் டார்ச் எரியும். ஆக மொத்தம் 20 மணி நேரம். டெல்டா கிராமத்தில் இருப்பவர்கள் இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். எந்த டார்ச்சைக் கையில் எடுத்தாலும் "இது 20 மணி நேரம் தாங்குமா" என்று கேட்டுப் பாருங்கள், கடையில் பளபளக்கிற பாதிச் சரக்கு அங்கேயே கழிந்துவிடும்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமன், ஒரு மெழுகுவத்தி தருவது 12 லூமன் சொச்சம். இழை பல்பு போட்ட பழைய இரண்டு கட்டை (பெரிய செல்) டார்ச், தாத்தா காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்ட எடுத்துப் போனது, அதுவும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும், கொஞ்சம் கூட வரலாம். செல்போன் டார்ச் சுமாராக 50 லூமன். ஒரு அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட 30 லூமன் டார்ச்சைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தி வைத்தால் போதும், வெள்ளையடித்த கூரையில் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவும். தெருவில் இறங்கத்தான் நூறு வேண்டும். முட்டி அளவு தண்ணீரில் எங்கே பள்ளம், எங்கே சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது, முக்கியமாக எங்கேயாவது கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறதா என்று கால் வைப்பதற்கு முன்பே தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமே, அதற்கு நூறு, நூற்றைம்பது லூமன் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் செல்லைத்தான் தின்னும். வெளிச்சத்தை நாலு மடங்காக்கினாலும் நம் கண்ணுக்கு ஏதோ இரண்டு மடங்கு மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று, மழையில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தால் துளிகளில் பட்டு வெளிச்சம் நம் மேலேயே திரும்பும், முன்னால் ஒரு வெள்ளைத் திரை கட்டியது போல ஆகிவிடும். இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் எதிரே தெரியும். இதற்குப் பைசா செலவில்லை.

இனி அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்கள். "ஒரு லட்சம் லூமன்" என்று அச்சடித்து 399 ரூபாய்க்கு விற்கிற டார்ச்சைப் பார்த்திருப்பீர்கள். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு. நல்ல எல்.இ.டி.யே ஒரு வாட்டுக்கு 100 முதல் 200 லூமன் வரைதான் தரும், மலிவு டார்ச்சில் 100 வந்தாலே பெரிய விஷயம். அதே பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 3 வாட் என்றோ 5 வாட் என்றோ போட்டிருப்பார்கள். 5 வாட் என்றால் 500, மிஞ்சிப் போனால் 700 லூமன். லட்சம் எங்கிருந்து வரும்? எதிர்ப்பக்கத்தில், நம் ஊர்ப் பழைய நிறுவனங்களின் டார்ச்சில் பல சமயம் லூமனே போட மாட்டார்கள், அரை வாட், ஒரு வாட் என்று மட்டும் இருக்கும். எனக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை, நூறால் பெருக்கிக்கொண்டால் முடிந்தது.

ஆன்சி எஃப்.எல்.1 என்று டார்ச்சுக்கென்றே ஒரு அமெரிக்க அளவீட்டு முறை 2009இல் வந்தது. வெளிநாட்டு பிராண்டுகள் அந்த முறையில் அளந்து பெட்டியில் சின்னச் சின்னப் படங்களாகப் போடுவார்கள். நம்பகமானதுதான், ஆனால் எதை அளக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். "200 மீட்டர்" என்றால் 200 மீட்டர் தள்ளி நிற்கிற ஆளின் முகம் தெரியும் என்று அர்த்தமில்லை, அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், அதாவது மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு இருக்கும் என்று அர்த்தம். உருப்படியாகப் பார்க்க அதில் பாதித் தூரம், மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. "10 மணி நேரம் எரியும்" என்பதில் இன்னும் பெரிய சூட்சுமம்: போட்டவுடன் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை ஓடும் நேரம் அது. 300 லூமனில் தொடங்கி அரை மணியில் 60க்கு இறங்கி, மிச்ச ஒன்பதரை மணி நேரமும் மங்கலாகவே ஓடினாலும் பெட்டியில் 300 லூமன், 10 மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். பொய் இல்லை, ஆனால் நாம் வாசிக்கிற விதத்தில் உண்மையும் இல்லை.

இப்போது செல்லுக்கு வருகிறேன்.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் "டார்ச் கட்டை கொடுங்க" என்றால் வருவது பெரிய டி அளவுக் கட்டை, "பென்சில் செல்" என்றால் ஏஏ, "சின்ன பென்சில்", அதாவது ரிமோட் செல் என்றால் ஏஏஏ. இவற்றில் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது ஜிங்க் கார்பன் ரகம், விலை குறைவு. இந்த ரகத்தில் வெளியே இருக்கும் துத்தநாகக் குவளையே ஒரு மின்முனை, கரண்ட் எடுக்க எடுக்க அந்தக் குவளைதான் கரைகிறது. பாத்திரமே சோறாகிப் போகிற கதை. கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளே இருக்கும் அமிலக் கூழ் வெளியே வரும். அதனால்தான் தீர்ந்துபோன கட்டையை டார்ச்சுக்குள்ளேயே விட்டுவைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் பொங்கிவிடுகிறது. கடையில் வாங்கி வைத்தாலும் இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுள்.

ஆல்கலைன் செல் விலையில் இரண்டு மூன்று மடங்கு கூட, ஆனால் அதே ஏஏ அளவில் ஜிங்க் கார்பன் தருவதைப் போல மூன்று மடங்காவது சக்தி தரும், ஐந்து முதல் பத்து வருஷம் வரை அலமாரியில் இருக்கும். அதுவும் பொங்கும்தான், என் 900 ரூபாய் டார்ச்சுக்குள் பூத்தது அதுவேதான். செல் ரொம்பத் தீர்ந்தால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடி முத்திரை விட்டுப்போகும், வெளியே கசிகிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து அந்த வெள்ளை உப்பாகிவிடும். அது காரம், கையில் படக் கூடாது. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ பஞ்சை நனைத்துத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும், உலர்த்திவிட்டுப் போட்டால் பல டார்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும். (ஜிங்க் கார்பன் பொங்கியது என்றால் அமிலம், அதற்கு எலுமிச்சை ஆகாது, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும்.) பச்சை நிறம், செம்பும் பித்தளையும் அரித்ததன் அடையாளம்.

பழைய செல்லும் புதுசும் கலந்து போடாதீர்கள் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருப்பார்கள், ஏன் என்று போட மாட்டார்கள். இரண்டும் வரிசையாக இருப்பதால் ஒரே கரண்ட் இரண்டுக்குள்ளும் ஓடியாக வேண்டும்; பழையது முதலில் தீர்ந்துவிடும், அப்போதும் புதுசு விடாமல் தள்ளும், தீர்ந்ததற்குள் கரண்ட் எதிர்த்திசையில் மின்னூட்டி அதைப் பொங்க வைத்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு செல் மாற்ற வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

கணக்குக்கு வருவோம். நல்ல ஆல்கலைன் ஏஏ ஒன்றிலிருந்து மெதுவாக எடுத்தால் சுமார் 3 வாட்-மணி (ஒரு வாட் விளக்கை மூன்று மணி நேரம் எரிக்கும் சக்தி) கிடைக்கும், இரண்டு போட்டால் 6. 30 லூமனுக்கு 0.3 வாட் போதும். 6ஐ 0.3ஆல் வகுத்தால் 20 மணி நேரம். நாம் கேட்ட நாலு ராத்திரி இரண்டு பென்சில் செல்லுக்குள் அடங்கிவிட்டது. இதே டார்ச் மிதமான வெளிச்சம் என்ற நிலை இல்லாமல் ஒரே அடியாக 3 வாட்டில் மட்டும் எரிகிற ரகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், குறைந்த வெளிச்சம் ஒன்று இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

மூன்று ஏஏஏ செல்லை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டுச் சொருகும் ஒன்பது எல்.இ.டி. டார்ச் எல்லா பிளாட்பாரத்திலும் கிடைக்கும். எனக்கு அதைப் பிடிக்காது. ஏஏஏவில் ஏஏவின் பாதிகூட இருக்காது, எனவே மூன்று போட்டும் இரண்டு ஏஏவுக்கு ஈடில்லை, செலவு மட்டும் மூன்று. அந்தக் கூட்டின் மெல்லிய தகடுகள் துருப்பிடித்தால் தட்டித் தட்டித்தான் எரியவைக்க வேண்டும். பெரிய கட்டை விஷயம் வேறு. மலிவான ஜிங்க் கார்பனே ஆனாலும் உருவத்தில் பெரிது என்பதால் ஒரு ஆல்கலைன் ஏஏவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும், குக்கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். கஜா மாதிரி வாரக்கணக்கில் இழுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்குப் பழைய இரண்டு கட்டை டார்ச்சில் எல்.இ.டி. போட்ட ரகத்தைத்தான் சொல்வேன். கனம் தவிர அதில் குறை ஒன்றும் இல்லை.

ரீசார்ஜ் டார்ச்சில் இரண்டு இனம். சுவர் பிளக்கில் நேரே சொருகும்படி பின்னால் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் ஒரு சின்ன டியூப் லைட்கூட இருக்கும், அந்த ரகத்தில் பலவற்றுக்குள் இருப்பது இன்வர்ட்டரில் இருப்பது போன்ற ஈய அமில பேட்டரி, உருவம்தான் சின்னது. அதைத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் சார்ஜே ஏறாது. சிவப்பு விளக்கு என்னவோ எரியும், ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம், பிளக்கைப் பிடுங்கினால் ஐந்து நிமிஷம். பல வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் இப்படி ஒன்று கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாபகமாக சார்ஜ் போடுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

இன்னொன்று லித்தியம். அதன் செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் 18650 என்று பெயர். நல்லதாக ஒன்று வாங்கினால் 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 3 ஆம்பியர்-மணி), வோல்டேஜ் 3.7, ஆக 11 வாட்-மணி, ஒரே செல்லில் நாலு பென்சில் செல் அளவு சக்தி. டைப்-சி வயரில் பவர் பேங்கிலிருந்தே ஏற்றலாம். சரக்கு அருமைதான், ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். 9900 எம்.ஏ.எச். என்று போட்டு விற்கிற 18650 எல்லாம் சுத்தப் பொய், அந்த உருவத்துக்குள் இன்றைக்கு அடைக்க முடிவது 3500, அதைக் கொஞ்சம் தாண்டலாம், அவ்வளவே. இந்தியாவில் லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் பதிவெண் அச்சாகியிருக்கும், அது இல்லாத செல்லை வீட்டுக்குள் சார்ஜ் போட எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது, முழுசாக ஏற்றியோ முழுசாகத் தீர்த்தோ வருஷக்கணக்கில் வைத்தால் சீக்கிரம் கிழடாகிவிடும், பாதிச் சார்ஜில் வைப்பதுதான் அதற்கு ஆரோக்கியம், ஆனால் அவசரத்துக்கு எடுக்கும்போது பாதிதான் இருக்கும். மூன்றாவது, நாலாவது ராத்திரி தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கடையில் மாற்றுச் செல் கிடைக்காது. பவர் பேங்கும் அதற்குள் போனுக்கே தீர்ந்திருக்கும். ஆகவே லித்தியம் டார்ச் வீட்டில் இரண்டாவதாக இருக்கலாம், பையில் இருக்கும் ஒரே டார்ச்சாக வேண்டாம்.

ரீசார்ஜ் செய்யும் பென்சில் செல்லும் உண்டு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பழைய ரகம் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும்; 2005க்குப் பிறகு வந்த, சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம் ஒரு வருஷம் கழித்தும் முக்கால் பங்காவது மிச்சம் வைத்திருக்கும். தினமும் எரிக்கிற டார்ச்சுக்கு அதைப் போடுங்கள், காசு மிச்சம்.

வெப்பத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், மே மாதத்தில் அடுப்படி மாதிரி கொதிக்கும். எந்த ரகச் செல்லானாலும் அந்தச் சூட்டில் சீக்கிரம் வடியும், சீக்கிரம் பொங்கும். என் டார்ச் இரண்டு கோடை அங்கே இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஐ.பி.எக்ஸ் என்ற தண்ணீர்த் தடுப்புத் தர எண். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து சாரல் அடித்தாலும் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது. நமக்கு 4 போதும், 7 கிடைத்தால் சந்தோஷம். ஒன்றுமே போடவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து மரை ஓரத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மழைக்குப் பரவாயில்லை. ஜூம் டார்ச்சில் இந்த வளையம் இருந்தும் பெரிய பயனில்லை, தலையை முன்னும் பின்னும் இழுக்கும்போது காற்று உள்ளே போய்வர வழி வேண்டுமே, பெரும்பாலான மலிவு ரகங்களில் அந்த வழியாகத் தண்ணீரும் போகும். ஜூமுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். அதிகம் ஆடும் பாகம் அதிகம் கெடும் என்பது இன்னொன்று.

பொத்தானும் முக்கியம். அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் பழைய பொத்தான்தான் எனக்குப் பிடித்தது. விரல் பட்டாலே எரிகிற மெத்தென்ற எலக்ட்ரானிக் பொத்தான், அணைத்து வைத்திருக்கும்போதும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டேயிருக்கும், சில டார்ச்சுகளில் ஒரு வருஷத்தில் அது கணிசமாகிவிடும். அப்புறம் அந்தக் கண்சிமிட்டும் முறை. ஒவ்வொரு தடவையும் மூன்று முறை அழுத்தி, கண் கூசும்படி படபடத்துவிட்டுத்தான் சாதாரண வெளிச்சத்துக்கு வரும் டார்ச்சை, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டு படகுக்குக் கைகாட்ட அது உதவும் என்பார்கள். கையால் மூடி மூடித் திறந்தாலும் அதே வேலைதான்.

தலையில் மாட்டும் டார்ச்சைப் பற்றி நம் வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை, அது எனக்கு ஆச்சரியம். நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்னே மல்லிகை பறிக்கப் போகிறவர்களும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகாலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் இதை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பூ பறிக்க முடியுமா? வெள்ளத்தில் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் தண்ணீர் கேன் என்று படி ஏறுகிறவருக்கும் அதே சங்கடம்தான். 200, 300 ரூபாய்க்கே நல்லது வந்துவிட்டது. செல் போடும் ரகம் கிடைத்தால் உங்கள் கை டார்ச்சுக்குப் போடும் அதே அளவாகப் பார்த்து வாங்குங்கள், வீடு முழுக்க ஒரே அளவு செல் என்றால் சுவர்க்கடிகாரத்திலிருந்துகூட உருவிப் போட்டுக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போன் டார்ச் வேண்டாம், போன் பேசுவதற்கு. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டுக்கும் கூப்பிட சார்ஜ் வேண்டும். மெழுகுவத்தி, காற்றடிக்கிற ராத்திரியில், கேஸ் சிலிண்டர் இருக்கிற வீட்டில், கொசுவலைக்குப் பக்கத்தில், வேண்டவே வேண்டாம். சோலார் விளக்கு நல்லதுதான், ஆனால் புயல் என்றாலே மூன்று நாள் வெயில் இல்லை என்றுதானே அர்த்தம். கையால் சுற்றும் டைனமோ டார்ச்சில் ஒரு நிமிஷம் சுற்றினால் சில நிமிஷம் எரியும், பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. இன்வர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அது எந்தத் தளத்தில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பயணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17 ராத்திரி தென்மாவட்ட மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பேர் சுற்றிலும் வெள்ளத்தோடு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், மீட்டு முடிக்க 19ஆம் தேதி ஆனது. சாவிக்கொத்தில் தொங்கும் கட்டைவிரல் அளவு டார்ச் ஒன்று பயணப் பையில் இருப்பது கனமே இல்லை.

இப்போது எங்கள் பையில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு ஏஏ செல் போடும், இரண்டு நிலை வெளிச்சமுள்ள கை டார்ச் ஒன்று, 250 ரூபாய் ஆனது. தலை டார்ச் ஒன்று, அதற்கும் ஏஏ. ஆல்கலைன் செல் எட்டு. மொத்தத்தில் என் பழைய டார்ச்சைவிடக் கொஞ்சம்தான் கூட. செல்களை டார்ச்சுக்குள் போட்டு வைக்கவில்லை, ஜிப் கவரில் தனியாக, வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம். இருட்டில் தடவிப் போட முடியுமா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை போட்டுப் பார்த்தேன், பிளஸ் எந்தப் பக்கம் என்று தடுமாறியது, அதனால் டார்ச்சின் மேல் மூடிப் பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். உள்ளேயே போட்டு வைக்கத்தான் வேண்டும் என்கிறவர்கள், செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பால் பாக்கெட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வால் மாதிரி வெளியே நீட்டி வைத்துவிட்டால் கரண்ட் வடியாது, மூடியைத் தளர்த்தி உருவினால் எரியும். ஒரு வெள்ளை தேங்காயெண்ணெய் டப்பாவின் அடியை வெட்டி வைத்திருக்கிறோம், டார்ச் தலையில் கவிழ்த்தால் அரிக்கேன் விளக்கு மாதிரி நாலு பக்கமும் பரவும். பை பரணில் இல்லை, பீரோவின் கீழ்த்தட்டும் இல்லை, வாசல் கதவுக்குப் பின்னால் தோள் உயரத்தில் ஒரு ஆணியில்.

செல் மாற்ற ஒரு நாள் வேண்டுமே, எந்த நாளை ஞாபகம் வைப்பது என்று பேச்சு வந்தபோது அம்மாதான் ஆயுத பூஜை என்றார். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் பிடிக்கும், பூஜை பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலோ அதையொட்டியோ வந்துவிடும். அரிவாள்மனை, சுத்தியல், தையல் மெஷின், வண்டிச் சாவி எல்லாவற்றோடும் இரண்டு டார்ச்சும் வரிசையில் உட்கார்ந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்கின்றன. புதுச் செல் பைக்குப் போகிறது, போன வருஷத்துச் செல் எட்டும் கடிகாரத்துக்கும் அம்மாவின் மாடிப்படி டார்ச்சுக்கும்.